இருபது நாள்

மட்டாஞ்சேரி
19 மே 2024

மஞ்சுஷாவுக்கு,

உன் ஃபோனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். உன் அண்ணன் வேலனின் திருப்பூணித்துறை முகவரியை நீ வேலை பார்க்கும் கார்ப்பரேஷன் ஆபீசில் கேட்டு வாங்கினேன். பதினெட்டு வருடம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துவிட்டு இப்போது தபால் தலை ஒட்டுகிறேன்.

வியாழக்கிழமை உன் ஜிதின் ரஷ்யாவிலிருந்து என்னைக் கூப்பிட்டான். நான் கம்பெனியில் மிளகு சாம்பிள்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எடுத்தவுடன் அவன் கேட்டது, "ஹிஸானாம்மா, சாஹில் எங்கே?"

"உன்கூட இல்லையாடா?"

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கேன். கால்ல அடி. அவன் இங்க வந்தானா? நெஜமாவே வந்துட்டானா?"

வந்து மூன்று மாதம் ஆகிறது என்றேன். "அம்மா சொல்லலியா? ஓட்டல் வேலையும் இல்ல, கரண்ட் வேலையும் இல்ல, துப்பாக்கி தந்து முன்னாடி நிறுத்தியிருக்கான், சாஹில் வரவே கூடாதுன்னு வாய்ஸ் போட்டேனே!" என்று அழுதான். நான் பெறாத பிள்ளைதான். ஆனால் அவன் அழுகிற சத்தம் எனக்குத் தெரியும்.

சாஹில் கடைசியாகப் பேசியது பெருநாளுக்கு முந்தின நாள், ஏப்ரல் ஒன்பது. எங்கேயோ காட்டில் குழி வெட்டுகிறோம் என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏப்ரல் கடைசியில்தான் நீயும் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டைக் காலி செய்துகொண்டு போனாய். நானே நின்று உன் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு கேள்வி. ஜிதின் அனுப்பிய அந்த வாய்ஸ், என் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன்னால் உனக்கு வந்ததா, பின்னால் வந்ததா? ஒரு வார்த்தையில் எழுது.

ஹிஸானா


திருப்பூணித்துறை
27 மே 2024

ஹிஸானா,

நீ ஆபீசுக்குப் போய் முகவரி கேட்டதில், என்ன மஞ்சுஷா, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹெல்த் செக்‌ஷனில் எந்தப் பேச்சும் ஒரு மணி நேரத்தில் மாடிக்குப் போய்விடும் என்று உனக்குத் தெரியாதா?

பின்னால்தான் வந்தது. போதுமா?

நானும் கேட்கிறேன். மாஸ்கோவில் பனிக்கு நடுவில் ஜிதின் நிற்கிற படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது யார்? "எடி மஞ்சு, தோப்பும்படி வொர்க்‌ஷாப்பில் மீன்பிடி போட்டுக்கு வெல்டிங் அடிச்சே சாஹிலோட கண்ணு போகும், இவனையும் அனுப்பணும்" என்று சொன்னது யார்? ஏஜென்ட் சுப்புராஜின் நம்பர் கேட்டு நீயும் உன் வீட்டுக்காரர் சிகாபுதீன் அண்ணனும்தான் என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

என் பிள்ளைக்கு வலது முழங்காலுக்குக் கீழே இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். சோறு கிடையாது, கறுப்பு ரொட்டி. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ரஷ்யப் பையனின் அம்மா, நீனா என்று பெயர், தன் மகனுக்குக் கொண்டுவருகிற பீட்ரூட் சூப்பில் பாதியை இவனுக்கு ஊட்டுகிறாள். அவள் மகனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மகனுக்கு ஒரு கரண்டி, இவனுக்கு ஒரு கரண்டி. வீடியோவில் பார்த்தேன். பெற்றவள் நான் இங்கே கொசு மருந்து அடிக்கிறவர்களின் வருகைப் பதிவேடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைக் கேள்வி கேட்கிறதற்கு முன்னால் இதையும் நினை.

மஞ்சுஷா


மட்டாஞ்சேரி
9 ஜூன் 2024

மஞ்சுஷாவுக்கு,

ஜிதினிடம் அந்த வாய்ஸைக் கேட்டு வாங்கினேன். தேதியோடு படமும் அனுப்பினான். பிப்ரவரி பதினொன்று, ஞாயிறு, மாலை நாலு இருபது. பக்கத்தில் நீல அடையாளம். நாலு இருபத்தாறுக்கு நீ கேட்டிருக்கிறாய். சாஹிலின் விமானம் மறுநாள் பகல் இரண்டு மணிக்கு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். கையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். "எடி ஹிஸா, ஒரு சாயா போடு, தலை வலிக்குது" என்றாய். நான் போட்டேன். சாஹில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "மஞ்சும்மா, உங்க மோனுக்கு வேற என்ன கொண்டுபோகணும்? கப்பைக்கிழங்கு வறுத்தது போதுமா, மீன்கறியைப் பார்சல் கட்டணுமா?" என்று கேட்டான். நீ சிரித்தாய். அவன் தலையில் தட்டி, "முதல்ல நீ போய்ச் சேருடா" என்றாய். பாட்டில் உடையாமல் இருக்க உன் பழைய துண்டில் நீயே சுற்றி வைத்தாய். நெடும்பாசேரி ஏர்போர்ட்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். அங்கே நான் அழுதபோது என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தவள் நீதான்.

அந்த வாய்ஸ் கைக்கு வந்ததிலிருந்து அந்தக் காலை நேரத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உன் முகத்தில் ஏதாவது இருந்ததா? நான்தான் கவனிக்கவில்லையா? கல்லூரியில் இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்த ஆறு பேரில் நாம் இரண்டு பேர். துரோகத்தைப் பற்றி எத்தனை பாடம் படித்தோம்! அதிலெல்லாம் துரோகி ஒரு நொடியாவது தடுமாறுவான். நீ சாயாவில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லி இன்னொரு ஸ்பூன் கேட்டாய்.

ஏன் என்று கேட்கிற உரிமைகூட எனக்கு வேண்டாம். வேலை இருக்கிறது. ஏமாற்றிப் படையில் சேர்க்கப்பட்டவர்களைத் திரும்பக் கேட்க ஒரு பட்டியல் தயாராகிறது. சாஹில் கையெழுத்துப் போட்ட தாள் ரஷ்ய மொழியில் இருக்கிறது. சொந்த விருப்பத்தில் சேர்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறதாம். அவன் அதன் கீழே மலையாளத்தில் பெயர் எழுதியிருக்கிறான். தெரியாமல் போனான் என்று காட்ட வேண்டும். சுப்புராஜுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே அனுப்பினான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்கிறார் வக்கீல் சங்கர்ராம்.

சுப்புராஜ் உன்னிடம் என்ன சொன்னான்?

ஹிஸானா


திருப்பூணித்துறை
21 ஜூன் 2024

ஹிஸா,

பக்ரீத்துக்கு உன் வீட்டு பிரியாணி இல்லாத முதல் வருடம். அன்றைக்கு எழுத உட்கார்ந்து, கிழித்துப் போட்டேன்.

முன்னால்தான் வந்தது. மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை ஜிதின் உயிரோடு இருக்கிறான் என்கிற சந்தோஷம் மட்டும்தான். ஜனவரி முழுவதும் அவன் சத்தமே இல்லையே. இரண்டாவது தடவைதான் அவன் சொல்வது காதில் ஏறியது. மூன்றாவது தடவை கேட்டு முடித்து, உன் வாசல்வரை வந்தேன். நீ உள்ளே சாஹிலின் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டு, "இதைப் போட்டா கரடி மாதிரி இருப்பேடா" என்று சிரித்துக்கொண்டிருந்தாய். திரும்பிப் போய்விட்டேன்.

நான் உடனே சுப்புராஜைக் கூப்பிட்டேன். என் பிள்ளையை எங்கேடா கொண்டுபோய் விட்டாய் என்று வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். அவன் கோபப்படவே இல்லை. "சேச்சி, ஒச்சை வைக்காதீங்க, சத்தம் வேண்டாம். அங்க கணக்கு ஆளுக்கு ஆள்தான். நாளைக்குப் போற ஆளு போய்ச் சேர்ந்தா, உங்க ஆளைப் பின்னாடி சமையல்கட்டுக்கு மாத்திடுவான். நான் பேசி வச்சிருக்கேன். போற ஆளு முடங்கினா என் கையில ஒண்ணும் இல்ல" என்றான்.

நாளைக்குப் போகிற ஆள் யார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் பெயர் சொல்லவில்லை.

சாஹிலும் சமையலறைக்கே போய்விடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் சாமர்த்தியக்காரன், ஜிதின்தான் வெகுளி என்றும் சொல்லிக்கொண்டேன். அந்தக் காலையில் என் முகத்தில் ஒன்றும் இல்லையென்றால், உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. வேறென்ன எழுத?

சுப்புராஜ் சொன்னதும் நடக்கவில்லை. சாஹில் போய் மூன்றே வாரத்தில் ஜிதினின் காலில் குண்டுச் சிதறல். அவனைச் சமையல்கட்டுக்கு யாரும் மாற்றவில்லை. உன் பிள்ளையைக் கொடுத்து நான் ஒன்றும் வாங்கவில்லை ஹிஸா.

எழுதித் தருகிறேன். ஆனால் இப்போது முடியாது. ஜிதினை ஊருக்குத் திருப்பி அனுப்பும் தாள்கள் சுப்புராஜின் ஆட்கள் வழியாகத்தான் நடக்கின்றன. நான் வாய் திறந்தால் அவன் அந்தக் கட்டிலிலேயே கிடப்பான். அவன் கொச்சியில் இறங்கட்டும். அடுத்த நாள் நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

மஞ்சு


மட்டாஞ்சேரி
7 ஜூலை 2024

மஞ்சுஷாவுக்கு,

உன் கடிதத்தை சிகாபுதீனிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்க் கடையைத் திறந்தார். வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். இருபத்தாறு வருடத்தில் அந்த நேரத்தில் அவர் கடையைத் திறந்ததில்லை.

ஜிதின் வீடியோவில் நீனாவை என்னோடு பேசவைத்தான். அவள் பேசுவதை ஃபோன் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறது. என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனால் பல் பாதி இல்லை. உன் மகனுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். இருபத்து மூன்று என்றேன். என் மகனுக்கும் இருபத்து மூன்று என்றாள். அவளுடைய அக்கா கல்யாணமாகிப் போன ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், உக்ரைனில். அக்கா மகன் அந்தப் படையில். அவன் போன வருடம் செத்துப்போனான். அக்கா கடைசியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: "உன் மகன் எந்த ஊரில் சுட்டுக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் சொல்." நீனா பதில் அனுப்பவில்லையாம். அவளுக்கும் தெரியாதாம்.

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு பயம். சாஹில் செத்துவிடுவான் என்பது மட்டும்தான் இதுவரை என் பயமாக இருந்தது. அவன் கையிலும் துப்பாக்கி இருக்கிறதே! பூனைக்குட்டி சாக்கடையில் விழுந்தால் இறங்கி எடுக்கிறவன். அவன் யாரையாவது சுட்டிருந்தால், அந்தப் பையனின் அம்மாவுக்கு என் பிள்ளை யார்? அவளிடம் போய், ஊறுகாய் பாட்டிலோடு அனுப்பினேன், வெல்டிங் தெரிந்த பிள்ளை, ஏமாந்து வந்தவன் என்று சொன்னால் அவள் கேட்பாளா? நான் கேட்பேனா?

நீனாவிடம் உன்னைப் பற்றியும் சொன்னேன். அவள், "நானும் அப்படித்தான் செய்திருப்பேன்" என்றாள். ஃபோனை வைத்துவிட்டேன். அவளுக்கு அது ஆறுதல் வார்த்தையாக இருக்கலாம். எனக்கு இல்லை. இந்த உலகத்தில் எந்த அம்மாவும் அப்படித்தான் செய்வாள் என்றால், உன்னை எனக்கு எதற்காக இருபத்தெட்டு வருடம் தெரியும்?

பட்டியல் ஜூலை 31 அன்று டெல்லிக்குப் போகிறது. அதில் இருப்பவர்களை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே சண்டை நடக்கும் இடத்திலிருந்து பின்னுக்கு எடுப்பார்களாம். நீ எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம். நீ கொடுத்தது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கர்ராம் சொல்கிறார். ஜிதின் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனுக்கு மேலே கூரை இருக்கிறது. சாஹிலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கெஞ்சுகிறேன் என்றே எடுத்துக்கொள்.

ஹிஸானா


திருப்பூணித்துறை
24 ஜூலை 2024

ஹிஸா,

சுப்புராஜ் நேற்று இங்கே வந்தான். அண்ணன் முன்னாலேயே உட்கார்ந்து, ஜிதினுக்கு ஆகஸ்ட் பதின்மூன்று டிக்கெட் என்று காட்டினான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மட்டாஞ்சேரிக்காரங்க வக்கீலைப் பார்க்கிறாங்களாமே சேச்சி?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

இருபது நாள். இருபதே நாள் பொறு. ஜிதின் வந்த மறுநிமிடம் பக்கம் பக்கமாக எழுதித் தருகிறேன். பட்டியல் இன்னொன்றும் போகுமாம், ஆபீசில் விசாரித்தேன்.

என்னைத் திட்டு. ஆனால் இருபது நாள் கொடு.

மஞ்சு


திருப்பூணித்துறை
16 ஆகஸ்ட் 2024

ஹிஸா,

என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை.

இதோடு நாலு பக்கம் வைத்திருக்கிறேன். சுப்புராஜ் சொன்னது, நான் சொன்னது, தேதி, நேரம், நான் மறைத்தது, எல்லாம் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அண்ணனும் சாட்சியாகப் போட்டிருக்கிறார்.

ஜிதின் வந்துவிட்டான். டிவியில் பார்த்திருப்பாய். மைக்கை நீட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்றே ஞாபகம் இல்லை. காரில் ஏறினதும் அவன் கேட்டான், "ஹிஸானாம்மா ஏன் வரலை?" நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வைத்தால் சாப்பிடுகிறான். அவ்வளவுதான்.

மஞ்சு


மட்டாஞ்சேரி
11 செப்டம்பர் 2024

மஞ்சுஷாவுக்கு,

உன் நாலு பக்கத்தையும் கொடுத்தோம். இரண்டாவது பட்டியலில் சாஹிலின் பெயர் ஏறியது. நேற்று பதில் வந்தது.

முதல் பட்டியலில் இருந்த எட்டுப் பேரையும் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பின்னுக்கு எடுத்துவிட்டார்கள். அதில் ஒருவன் சாஹில் இருந்த அதே குழியில் இருந்தவனாம். சாஹிலை ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியிலிருந்து காணவில்லை. இறந்தான் என்று சொல்லவில்லை. காணவில்லை. என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், உடல் ஏதாவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க. ரத்தம் எடுத்த நர்ஸ் சின்னப் பெண். "பயப்படாதீங்க சேச்சி" என்றாள்.

ஐந்து, ஒன்பது, பதின்மூன்று. இந்த மூன்று தேதியையும் உனக்கு எழுதாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். எதற்காக எழுதாமல் இருக்க வேண்டும்?

இனிமேல் அந்தத் தாள்களால் சாஹிலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகலாம். உன்னையும் வழக்கில் சேர்ப்பார்கள், வேலைக்கு ஆபத்து வரலாம், வேண்டுமென்றால் உன் பெயர் வருகிற பக்கத்தை எடுத்துவிடலாம் என்றார் சங்கர்ராம். ஏலூரில் ஒரு பையன், பாலக்காட்டில் இரண்டு பேர், சுப்புராஜ் அனுப்பியவர்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எதையும் எடுக்க வேண்டாம் என்றேன். அந்த மூன்று அம்மாக்களுக்காகச் சொன்னேனா, உனக்கு வலிக்கட்டும் என்று சொன்னேனா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஹிஸானா


மட்டாஞ்சேரி
18 அக்டோபர் 2024, வெள்ளி

மஞ்சு,

சுப்புராஜைப் பிடித்த அன்று உன்னையும் ஸ்டேஷனில் நாலு மணி நேரம் உட்காரவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்படலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. வருத்தமும் வரவில்லை.

இது வேறு விஷயம். நிதானமாகப் படி.

ஜிதின் ஒரு மாதமாக இங்கே வருகிறான். உனக்குத் தெரியாது. பிசியோதெரபிக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி வருவான். சாஹிலின் கட்டிலில் காலை நீட்டி உட்காருவான். நான் சாயா போட்டுக் கொடுப்பேன். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை வந்தபோது சொன்னான்: "ஹிஸானாம்மா, நான் திரும்பப் போறேன். அவனைத் தேடிப் பிடிச்சு கொண்டுவரேன்." காயம்பட்டவன் என்று அங்கே தங்குவதற்கு ஏதோ அனுமதித் தாள் கொடுத்திருக்கிறார்களாம். நீனா வீட்டில் தங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்ப்பானாம். பெயர் தெரியாமல் கிடக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். டிக்கெட் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பகல் விமானம். பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா விடமாட்டாங்க" என்றான்.

நான் சரி என்றேன்.

கேள் மஞ்சு. நான் சரி என்று சொன்னேன். இரண்டு நாள் அந்த "சரி"யை வைத்துக்கொண்டு வீட்டில் நடமாடினேன். ஒருவேளை அவன் கண்டுபிடித்துவிட்டால்? இந்த உலகத்தில் சாஹிலின் முகம் தெரிந்து, அந்த ஊர் பாஷையும் நாலு வார்த்தை தெரிந்து, போகத் தயாராக இருக்கிற ஒரே ஆள் உன் பிள்ளைதான். அவனை மறுபடி பிடித்து துப்பாக்கியைக் கொடுத்தால்? அது வெகுளிப் பிள்ளை, காலில் கம்பி இருக்கிறது, கொடுக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று அவனுக்கு எடுத்துப் போக என்று சாஹிலின் படங்களைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கையில் வெல்டிங் சுட்ட தழும்பு தெரிகிற மாதிரி ஒன்று. கடையில் நின்று எந்தப் படம் தெளிவாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்தேன்.

ஆகவே அது எப்படி நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதே. தெரிந்த பிறகு மன்னிப்பது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு நாளில் நான் அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன். உன்னாலும் வந்திருக்க முடியும்.

ஜிதின் இப்போது உள்ளே படுத்திருக்கிறான். உன் ஃபோனில் என் எண் இன்னும் தடுப்பில்தான், அவனை வைத்துக்கொண்டு வேறு யாரிடமும் பேச முடியாது. தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் வரும். அதனால் இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கேஸ் விஷயம், அம்மாவிடம் கொடு என்று சொல்லப்போகிறேன். அவனுக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. தன்னைக் காட்டிக்கொடுக்கிற தாளைத் தானே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். என்னை நம்பிச் சொன்ன பிள்ளைக்கு நான் செய்கிற காரியம் இது. நாளைக்கு என்னோடும் அவன் பேசமாட்டான்.

பாஸ்போர்ட்டும் அந்த அனுமதித் தாளும் அவனுடைய கறுப்புப் பையின் உள்பக்க ஜிப்பில் இருக்கின்றன. இதைப் படித்து முடித்ததும் அவன் எதிரில் அழாதே, சத்தம் போடாதே. அவன் குளிக்கப் போகும்போது எடுத்துவிடு. எடுத்து வேலன் அண்ணனிடம் கொடு, உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. உன்னிடம் கெஞ்சினால் நீ கொடுத்துவிடுவாய்.

ஹிஸானா